ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஜாப் ஷெட்யூலிங் சாஃப்ட்வேரை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: சுமார் இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. ஒரு லேசர் கட்டிங் மெஷின், தகடு வளைக்கும் பிரஸ் பிரேக் இரண்டு, சேனல் அறுக்கும் பேண்ட்சா ஒன்று, டிரில்லிங், ஐந்தாறு வெல்டிங் பே, ஒரு பெயின்ட் பூத். இதுவரை ஒயிட்போர்டும் எக்செல்லும் வைத்து ஓட்டியாயிற்று. ஜாப்களில் பாதி சொன்ன தேதிக்குப் போவதில்லை. ஷெட்யூலிங் சாஃப்ட்வேர் போடலாம் என்று முடிவு செய்தாயிற்று. எது வாங்குவது, எங்கே தொடங்குவது?

எது வாங்குவது என்பதைப் பிறகு பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்பதற்கு என்னிடம் தெளிவான பதில் உண்டு: ஃபிட்டப்பில், அதாவது வெல்டிங்குக்கு முன் துண்டுகளைப் பொருத்தி நிறுத்தும் இடத்தில் தொடங்குங்கள். லேசரில் இல்லை, வெல்டிங்கிலும் இல்லை. ஒரு ஜாபின் எல்லாத் துண்டுகளும் முதல்முறையாக ஒன்று சேரும் இடம் ஃபிட்டப் மேஜைதான். வெட்டிய தகடு, வளைத்த தகடு, அறுத்த சேனல், வெளியிலிருந்து வாங்கிய பேரிங் ஹவுசிங், கஸ்டமர் அப்ரூவ் செய்த டிராயிங் எல்லாம் அங்கே ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். அதில் ஒன்று குறைந்தால் ஃபிட்டர் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்ததை எடுப்பார். பட்டறைகளில் தேதி தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் ஃபிட்டப் எந்த நாளில் எந்த ஜாபை எடுக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி லேசருக்கும் பேண்ட்சாவுக்கும், முன்னோக்கி வெல்டிங்குக்கும் பெயின்ட்டுக்கும் தேதி கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பலர் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். லேசர்தான் விலை உயர்ந்த மெஷின், அது சும்மா நிற்கக்கூடாது, எனவே முதலில் லேசருக்கு ஷெட்யூல் என்று. விளைவு, லேசர் மூன்று வாரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், வெட்டிய துண்டுகள் பேலட் பேலட்டாகத் தரையில் கிடக்கும், இன்றைக்கு ஃபிட்டருக்குத் தேவையான நான்கு கஸெட் (மூலையை வலுப்படுத்தும் சின்னத் தகடு) மட்டும் இருக்காது.

ஒரு ஜாபை எடுத்துக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். பம்ப் பேஸ் ஃபிரேம், 12 எண்ணம். ஒவ்வொன்றிலும் 8 மி.மீ. பக்கத் தகடு இரண்டு, சேனல் துண்டு நான்கு, கஸெட் நான்கு என்று வையுங்கள். லேசர் சுமார் 2 மணி நேரம். பெண்டிங்கில் 24 தகடு, தலா 2 வளைவு, செட்டிங்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். பேண்ட்சாவில் 48 வெட்டு, 4 மணி. டிரில்லிங் 3 மணி. ஃபிட்டப் ஒரு ஃபிரேமுக்கு ஒன்றரை மணி வீதம் 18 மணி. வெல்டிங் இரண்டரை மணி வீதம் 30 மணி. கிரைண்டிங், ஸ்ட்ரெய்ட்டனிங் 6 மணி. கூட்டினால் 64.5 மணி நேரம். இரண்டு ஃபிட்டர், மூன்று வெல்டர் போட்டால் பட்டறைக்குள் ஐந்தாறு நாள் வேலை. பிளாஸ்டிங்குக்கு (பெயின்ட்டுக்கு முன் மேற்பரப்பைச் சுத்தம் செய்ய) வெளியே அனுப்ப மூன்று நாள், இரண்டு கோட் பெயின்ட்டும் காய்வதும் இரண்டு நாள். எல்லாம் சேர்த்து இரண்டு வாரம் தாண்டாது. ஆனால் கஸ்டமரிடம் நான்கு வாரம் கேட்டிருப்பீர்கள், ஐந்தாவது வாரம்தான் லாரி ஏறும். மீதி நாட்கள் எல்லாம் காத்திருப்பு. வரிசையில் நிற்பது, துண்டு தேடுவது, கிரேனுக்கு நிற்பது, இன்ஸ்பெக்டருக்கு நிற்பது. ஆபரேஷன்களை வேகப்படுத்த எத்தனை முயன்றாலும் கிடைக்கப்போவது சில மணி நேரம். ஷெட்யூலிங் கைவைக்க வேண்டியது காத்திருப்பின் மேல்தான்.

காத்திருப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961-ல் நிரூபித்தது: தரையில் சராசரியாக இருக்கும் ஜாப்களின் எண்ணிக்கை என்பது வாரத்துக்கு முடியும் ஜாப்களையும் ஒரு ஜாப் உள்ளே இருக்கும் வாரங்களையும் பெருக்கினால் வருவது. உங்கள் பட்டறையில் 40 ஜாப் திறந்து கிடக்கிறது, வாரத்துக்கு 8 முடிகிறது என்றால், சராசரியாக ஒரு ஜாப் 5 வாரம் உள்ளே இருக்கும். எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. வாரத்துக்கு 8 முடிவது குறையாமல், திறந்து கிடப்பதை 20 ஆகக் குறைத்தால் அதே ஜாப் இரண்டரை வாரத்தில் வெளியே வரும். ஆகவே சாஃப்ட்வேரில் நீங்கள் முதலில் பயன்படுத்த வேண்டிய வசதி வண்ண வண்ணப் பட்டைகள் கொண்ட கான்ட் சார்ட் இல்லை. எந்த ஜாபை எப்போது தரைக்கு ரிலீஸ் செய்வது என்ற கட்டுப்பாடு. ஆர்டர் வந்தவுடன் ஜாப் கார்டு அடித்துக் கீழே அனுப்பும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். ஃபிட்டப் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் கட்டிங் தொடங்க வேண்டுமோ அன்றைக்குத்தான் கார்டு கீழே போக வேண்டும். இதைச் சொல்லும்போது பலருக்கும் பயம் வரும். சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடியும் என்று மனசு சொல்லும். தரையில் ஏற்கெனவே வரிசை இருக்கும்போது சீக்கிரம் தொடங்குவது அந்த வரிசையை நீளமாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், கெப்பாசிட்டியை முழுதாக நிரப்பக்கூடாது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியில், ஒரு மெஷின் 80 சதவீதம் நிறைந்திருந்தால் வரும் வேலை தன் ஆபரேஷன் நேரத்தைப் போல சராசரியாக 4 மடங்கு வரிசையில் நிற்கும். 90 சதவீதத்தில் 9 மடங்கு, 95-ல் 19 மடங்கு. உங்கள் பட்டறையில் எண்கள் இதே அளவில் இருக்காது, ஆனால் வளைவின் வடிவம் இதுதான்: கடைசிப் பத்து சதவீதத்தில்தான் காத்திருப்பு வெடிக்கிறது. எனவே 8 மணி நேர ஷிஃப்ட் என்றால் சாஃப்ட்வேரில் 8 போடாதீர்கள். டீ, கிளீனிங், கிரேன் காத்திருப்பு, சின்னச் சின்ன ரீவொர்க் எல்லாம் போக 6 அல்லது ஆறரை மணி என்று போடுங்கள். முதலாளிக்குப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணில்தான் ஷெட்யூல் நிற்கும்.

சாஃப்ட்வேர்களைப் பற்றிப் பேசும்போது ஃபைனைட், இன்ஃபைனைட் என்று இரண்டு சொல் வரும். இன்ஃபைனைட் என்றால் ஒவ்வொரு ஜாபுக்கும் டெலிவரி தேதியிலிருந்து பின்னோக்கி நாள் கழித்துக்கொண்டு போகும். அன்றைக்கு பிரஸ் பிரேக்கில் ஏற்கெனவே வேறு ஆறு ஜாப் இருக்கிறதா என்று பார்க்காது. பழைய எம்ஆர்பி (மெட்டீரியல் ரிக்வயர்மென்ட்ஸ் பிளானிங்) முறை இதுதான். ஃபைனைட் என்றால் மெஷினில் இடம் இருந்தால்தான் போடும், இல்லையென்றால் தள்ளும். எல்லாவற்றுக்கும் ஃபைனைட் வேண்டும் என்று தோன்றும். என் கருத்து வேறு: ஃபிட்டப்புக்கும், உங்கள் பட்டறையில் வேலை தேங்கும் பாட்டில்நெக் வேறு ஒன்று இருந்தால் அதற்கும் மட்டும் ஃபைனைட் போதும். மற்றவற்றுக்கு வாரவாரியாக எவ்வளவு லோடு என்று தெரிந்தால் போதும். பேண்ட்சாவுக்கு நிமிடக் கணக்கில் ஷெட்யூல் போட்டு அதைக் காப்பாற்ற நீங்கள் செலவிடும் உழைப்பு எதையும் திருப்பித் தராது.

சிறந்த ஷெட்யூலைத் தானே கண்டுபிடிப்பதாகச் சொல்லும் "ஆப்டிமைஸ்" பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1963-ல் ஃபிஷர், தாம்சன் என்ற ஆய்வாளர்கள் 10 ஜாப், 10 மெஷின் கொண்ட ஒரு கணக்கை வெளியிட்டார்கள். எல்லா நேரங்களும் முன்கூட்டியே தெரியும், யாரும் லீவு போட மாட்டார்கள், மெஷின் ரிப்பேர் ஆகாது, ரீவொர்க் கிடையாது. அப்படியிருந்தும் எல்லா ஜாபும் முடிய ஆகும் மிகக் குறைந்த நேரம் 930 அலகுதான் என்று கார்லியேவும் பின்சனும் நிரூபிக்க 1989 ஆகிவிட்டது. இன்றைய கம்ப்யூட்டர் அந்தக் கணக்கை எளிதாகப் போட்டுவிடும். ஆனால் உங்கள் தரையில் 10 ஜாப் இல்லை, நேரங்களும் உறுதியில்லை. ஆகவே டெமோவில் அந்தப் பட்டனைக் காட்டி அசத்தினால் அதற்காக வாங்காதீர்கள். நல்ல, எல்லோருக்கும் புரிகிற, நாளைக்குக் காலையில் மாற்றினாலும் குழப்பாத ஷெட்யூல் வேண்டும். அதற்கு எளிய விதியே போதும்: டெலிவரி தேதி எது முன்னால் வருகிறதோ அது முதலில். ஒரே மெஷினுக்கு மிக அதிகமான தாமதத்தைக் குறைக்க இதைவிடச் சிறந்த வரிசை இல்லை என்று 1955-லேயே ஜாக்சன் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். குறைந்த நேர வேலையை முதலில் எடுப்பது சராசரி காத்திருப்பைக் குறைக்கும்தான், ஆனால் பெரிய ஜாப் ஒன்று கடைசிவரை மூலையில் கிடக்கும். பிரஸ் பிரேக்கில் மட்டும் ஒரு தளர்வு கொடுக்கலாம்: இரண்டு நாளுக்குள் வரும் ஜாப்களில் ஒரே டை, ஒரே கனம் உள்ளவற்றைச் சேர்த்துப் போடட்டும். செட்டிங் மிச்சமாகும், தேதியும் கெடாது.

இப்போது டேட்டாவுக்கு வருவோம். சாஃப்ட்வேர் கேட்பது இரண்டு: ஆபரேஷன்களின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் நேரம்.

வரிசையைச் சுருக்கமாக வையுங்கள். கட்டிங், பெண்டிங், மெஷினிங், ஃபிட்டப், வெல்டிங், ஃபினிஷிங், இன்ஸ்பெக்ஷன், வெளிவேலை, பெயின்ட், டிஸ்பேட்ச். இதற்கு மேல் வேண்டாம். டீபர்ரிங்கை (வெட்டிய விளிம்பின் பிசிறு நீக்குவதை) லேசர் ஆபரேட்டரின் ஹெல்பரே செய்கிறார் என்றால் அது கட்டிங்கில் அடக்கம். ஒரு ஜாபுக்கு 25 ஆபரேஷன் போட்டால் 25 இடத்தில் யாரோ ஒருவர் பட்டன் அழுத்த வேண்டும். இரண்டாவது வாரமே அழுத்துவதை விட்டுவிடுவார்கள்.

நேரம்தான் கடினம். லேசருக்கு நெஸ்டிங் சாஃப்ட்வேர் (ஒரு ஷீட்டில் துண்டுகளை நெருக்கி அடுக்குவது) கொடுக்கும் வெட்டு நேரம் நம்பகமானது, ஆனால் ஷீட் ஏற்றி இறக்குவது, துண்டு பிரிப்பது அதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். பெண்டிங்குக்கு செட்டிங் ஒரு எண், வளைவுக்கு ஒரு எண். வெல்டிங்கில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் மீட்டர் கணக்கில் நேரம் போடுகிறார்கள். ஃபில்லட் வெல்டில் (இரண்டு தகடு சேரும் மூலையில் போடும் முக்கோண வெல்டு) நிரப்ப வேண்டிய உலோகம் லெக் அளவின், அதாவது அந்த முக்கோணப் பக்கத்தின், வர்க்கத்தில் ஏறும். 6 மி.மீ. ஃபில்லட் 8 மி.மீ. ஆனால் உலோகம் சுமார் 1.8 மடங்கு. 6 மி.மீ. 10 ஆனால் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. நீளம் அதேதான், நேரம் அதே இல்லை. அதனால் ஃபில்லட் அளவுவாரியாக மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு சின்ன அட்டவணை செய்துகொள்ளுங்கள். அப்புறம், வெல்டர் கையில் டார்ச் இருக்கும் நேரம் முழுக்க ஆர்க் எரிவதில்லை. திருப்புவது, டேக் (தற்காலிகச் சின்ன வெல்டு) சரிபார்ப்பது, ஸ்லாக் தட்டுவது, கம்பி மாற்றுவது என்று கையால் செய்யும் வெல்டிங்கில் ஆர்க் நேரம் மொத்தத்தில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். கேட்லாகில் உள்ள டெபாசிஷன் வீதத்தை (ஆர்க் எரியும் மணிக்கு எவ்வளவு உலோகம் நிரம்பும் என்பதை) நேரடியாகப் போட்டால் ஷெட்யூல் முதல் நாளே உடையும்.

துல்லியம் தேடி உட்கார்ந்துவிடாதீர்கள். கால் பங்கு முன்பின் இருந்தால் போதும். நேரத்தை அரை நாள் அலகில் ஷெட்யூல் செய்தால் அந்தப் பிழை தெரியாது. முக்கியம், ஒரு ஜாப் முடிந்ததும் போட்ட நேரத்தையும் ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஸ்டெய்ன்லெஸ் ஜாப் எல்லாம் ஒன்றரை மடங்கு ஆகிறது என்று தெரிந்தால், அந்த வகைக்கு மட்டும் ஒன்றரையால் பெருக்கிவிடலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆன நேரத்தை வைத்து யாரையும் திட்டாதீர்கள், சம்பளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் போதும், அன்றிலிருந்து எல்லா நேரமும் போட்ட நேரத்தோடு அழகாகப் பொருந்தி வரும். அதில் ஒன்றுகூட உண்மையாக இருக்காது. வேலை செய்பவர் பயமில்லாமல் "இது ஏழு மணி ஆச்சு, டிராயிங் தப்பு" என்று எழுதும் பட்டறையில்தான் சாஃப்ட்வேர் வேலை செய்யும்.

ஃபேப்ரிகேஷனுக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. பொதுவான ஷெட்யூலிங் சாஃப்ட்வேர் இவற்றைத் தானாகப் புரிந்துகொள்ளாது, நீங்கள்தான் வழி செய்ய வேண்டும்.

முதலாவது நெஸ்டிங். சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஜாபையும் தனித்தனியாக நினைக்கிறது. லேசர் ஆபரேட்டரோ ஒரே 6 மி.மீ. ஷீட்டில் ஐந்து ஜாபின் துண்டுகளைக் கலந்து போடுகிறார், ஏனென்றால் அப்போதுதான் ஸ்க்ராப் குறையும். இப்போது அந்த ஐந்தும் ஒன்றோடொன்று கட்டப்பட்டுவிட்டன. அவசர ஜாப் ஒன்றுக்காக அந்த ஷீட்டை வெட்டினால் அடுத்த மாத ஜாபின் துண்டுகளும் சேர்ந்து வெளியே வரும், எங்காவது வைக்க வேண்டும், தேவைப்படும்போது தேட வேண்டும், காணாமல் போனால் மறுபடி வெட்ட வேண்டும். ஷீட் மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. தேடும் நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் சொல்வது: நெஸ்ட்டை ஒரு தனி வேலையாக சாஃப்ட்வேரில் போட்டு, அதில் உள்ள ஜாப்களை அதோடு இணையுங்கள். ஒரு நெஸ்ட்டில் சேரும் ஜாப்களின் ஃபிட்டப் தேதி ஒரு வாரத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். மீதி இடத்தை நிரப்ப வேண்டுமென்றால் எப்போதும் தேவைப்படும் கஸெட், கிளீட் போன்ற ஸ்டாண்டர்டு துண்டுகளைப் போடுங்கள். விலை உயர்ந்த தகட்டுக்கு இந்த ஒரு வாரத்தை இரண்டாக்கலாம். சாதாரண மைல்டு ஸ்டீலுக்குத் தேவையில்லை.

இரண்டாவது கிட். ஃபிட்டப் தொடங்க வேண்டிய எல்லாம் வந்துவிட்டதா என்று ஒரே ஒரு டிக். சாஃப்ட்வேரில் இந்த வசதி இல்லையென்றால் "கிட் ரெடி" என்று பூஜ்ய நேர ஆபரேஷன் ஒன்றை ஃபிட்டப்புக்கு முன்னால் சொருகிவிடுங்கள். அந்த டிக் விழாமல் ஃபிட்டர் ஜாபைத் தொடக்கூடாது. ஒரு டிராலியில் அல்லது ரேக்கில் அந்த ஜாபின் துண்டுகள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், எண்ணிப் பார்த்துத்தான் டிக். தொண்ணூறு சதவீதம் இருக்கிறது, தொடங்கிவிடலாம், மீதி வந்துவிடும் என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தால் ஃபிட்டப் மேஜையில் பாதி கட்டிய ஃபிரேம் நான்கு நாள் உட்கார்ந்திருக்கும். அந்த மேஜை அடுத்த ஜாபுக்கும் கிடைக்காது. நான் இந்தப் பதில் முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் செய்ய வேண்டும் என்று கேட்கலாமென்றால், இந்த டிக்கைத்தான் கேட்பேன். சாஃப்ட்வேர் வாங்குவதற்கு முன்பே, ஒரு நோட்டில்கூட இதைத் தொடங்கலாம்.

மூன்றாவது இடம். பெரிய ஸ்ட்ரக்சர் ஒன்று வெல்டிங் பே ஒன்றில் படுத்துவிட்டால், அதில் யாரும் வேலை செய்யாத நாளிலும் அந்த இடம் போனது போனதுதான். ஆள் கணக்கை மட்டும் பார்க்கும் ஷெட்யூல் அங்கே இன்னொரு ஜாபைப் போட்டுவிடும். அதனால் ஒவ்வொரு வெல்டிங் பேவையும் ஒரு மெஷினைப் போல சாஃப்ட்வேரில் பதிவு செய்யுங்கள். ஒரே ஓவர்ஹெட் கிரேன் என்றால் கிரேனையும்.

நான்காவது வெல்டர். "வெல்டிங், ஆறு பேர்" என்று ஒரே வரியில் போட்டால் தப்பாகிவிடும். குவாலிஃபிகேஷன் தேவைப்படும் வேலைகளில் ஒருவர் எந்த ப்ராசஸ், எந்த பொசிஷன், எந்தக் கனம் வரை செய்யலாம் என்பது அவர் கொடுத்த டெஸ்டைப் பொறுத்தது. ஆறு மாதம் அந்த ப்ராசஸில் வெல்டு செய்யவில்லை என்றால் வெல்டர் தகுதிக்கான அமெரிக்க விதிமுறையான ஏஎஸ்எம்இ செக்ஷன் 9 படி அந்தத் தகுதி போய்விடும். அதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9606-1-லும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்தல் வேண்டும். எனவே டிக் (TIG) வெல்டர் குழு, மிக் (MIG) குழு, பைப் வெல்டர் குழு என்று பிரித்துப் போடுங்கள். பைப்புக்கு இருவர்தான் என்றால் உண்மையான பாட்டில்நெக் அங்கே ஒளிந்திருக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. கால்வனைசிங், பிளாஸ்டிங், பவுடர் கோட்டிங் போன்ற வெளிவேலைக்கு கெப்பாசிட்டி தேவையில்லை, நாள் கணக்கு போதும். லாரி போகும் கிழமையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் காய்வது ஆள் இல்லாமல் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்கும், ஆகவே அதற்குத் தனி காலண்டர். கஸ்டமர் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்காமல் மேலே போகக்கூடாத ஹோல்டு பாயின்ட்டை ஒரு ஆபரேஷனாகவே போடுங்கள். சில உயர்வலிமை எஃகுகளுக்கு அமெரிக்க வெல்டிங் விதிமுறையான ஏடபிள்யூஎஸ் டி1.1 படி வெல்டு முடிந்து 48 மணி நேரம் கழித்துத்தான் இறுதி இன்ஸ்பெக்ஷன். தாமதமாக வரும் கிராக்கைப் பிடிக்கத்தான் அந்த விதி. ஷெட்யூலில் அந்த இரண்டு நாள் இல்லையென்றால் டிஸ்பேட்ச் அன்று அது தெரியவரும்.

இனி சாஃப்ட்வேர். தரையில் ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து ஜாப், ஒரே சூப்பர்வைசர் என்றால் ஒழுங்காகச் செய்த எக்செல்லும் கிட் டிக்கும் சேர்ந்தே நிறைய தூரம் கொண்டுபோகும். அதற்கு மேல் போகும்போது மூன்று வழி. ஓபன் சோர்ஸில் ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ போன்றவற்றில் ஒர்க் ஆர்டர், ஒர்க் சென்டர் வசதி உண்டு. செட்டப் செய்ய ஆள் வேண்டும், ஷெட்யூலிங் எளிமையானது. கட்டட ஸ்டீல் வேலை அதிகமென்றால் டெக்லா பவர்ஃபேப், ஸ்ட்ரூமிஸ் போன்றவை டிராயிங், அசெம்பிளி, லாட் என்ற மொழியிலேயே பேசும். ஓப்சென்டர் ஏபிஎஸ் போன்ற தனி ஷெட்யூலிங் சாஃப்ட்வேர் மிகவும் திறமையானது, ஆனால் உங்கள் டேட்டா சுத்தமாக இல்லாதவரை அந்தத் திறமை உங்களுக்குப் பயன்படாது. இருபத்தைந்து பேர் பட்டறைக்கு அங்கே தொடங்கச் சொல்ல மாட்டேன்.

டெமோவுக்கு வருபவரின் சாம்பிள் கம்பெனியைப் பார்க்காதீர்கள். உங்கள் ஜாபிலிருந்து மூன்றை எடுத்துக் கொடுங்கள்: ஒன்று எளிமையானது, ஒன்று சப்-அசெம்பிளியும் வெளிவேலையும் உள்ளது, ஒன்று பாதியில் டிராயிங் ரிவிஷன் மாறியது. அப்புறம் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை பிரஸ் பிரேக் நின்றுவிட்டது, என்ன ஆகும் காட்டுங்கள். 12 ஃபிரேமில் 3 ஃபிட்டப் முடிந்ததும் அந்த மூன்றை வெல்டிங்குக்கு அனுப்ப முடியுமா, இல்லை பன்னிரண்டும் முடியும்வரை அது காத்திருக்கச் சொல்லுமா? இந்த ஓவர்லேப் இல்லாத சாஃப்ட்வேர் ஃபேப்ரிகேஷனுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு ஜாபுக்கும் இல்லாத நாட்களைக் கூட்டிக் காட்டும். பாதி டெலிவரி கொடுத்தால் மீதியை எப்படிக் காட்டும்? நான்கு துண்டு ஸ்க்ராப் ஆகிவிட்டால் மறுபடி வெட்டும் வேலை தானாக லேசர் வரிசைக்கு வருமா? ஒரு நாள் வேறு சாஃப்ட்வேருக்கு மாற வேண்டுமென்றால் எங்கள் டேட்டா எங்களுக்குக் கிடைக்குமா? பதில் வாய்வார்த்தையாக வேண்டாம், திரையில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

போட்டபின் அன்றாடம் நடப்பதுதான் இதன் உயிர். நிலையை அப்டேட் செய்வது ஆபீசில் சாயந்திரம் உட்கார்ந்து செய்யும் வேலையாக இருக்கக்கூடாது. ஃபிட்டப், வெல்டிங் பக்கத்தில் ஒரு டேப்லெட், ஜாப் கார்டில் பார்கோடு, தொடங்கினேன், முடித்தேன் என்று இரண்டே தொடுதல். எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்காதீர்கள். எல்லா ஜாபும் நாலு நாள் 90 சதவீதத்திலேயே நிற்கும். இன்னும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேளுங்கள், அதற்கு வெல்டர் சரியாகப் பதில் சொல்வார்.

காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம், திரைக்கு முன்னால் நின்றபடியே பேசினால் போதும். நேற்று முடியாதது எது, நாளையும் மறுநாளும் ஃபிட்டப்புக்கு வர வேண்டிய ஜாப்களில் கிட் ரெடி ஆகாதது எது, யார் எதைத் துரத்துவது. அடுத்த இரண்டு நாள் ஷெட்யூலை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசர ஜாப் வரும், வராமல் இருக்காது. வரும்போது அதைச் சாஃப்ட்வேரில் போட்டு, எந்த மூன்று ஜாப் பின்னால் போகிறது என்று திரையில் பார்த்து, அந்தக் கஸ்டமர்களிடம் யார் சொல்வது என்று முடிவு செய்தபின் கீழே அனுப்புங்கள். சேல்ஸில் இருப்பவர் இதை ஒருமுறை கண்ணால் பார்த்தாலே அவசர ஜாப்களின் எண்ணிக்கை குறையும்.

சூப்பர்வைசரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்த வெல்டர் எந்த ஜாபில் கைதேர்ந்தவர், எந்த டையை மாற்ற இரண்டு பேர் வேண்டும், எந்த கஸ்டமரின் டிராயிங்கில் எப்போதும் ஓட்டை அளவு தப்பாக வரும் என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. அவரைத் தாண்டி ஆபீசிலிருந்து ஷெட்யூல் இறங்கினால் ஒயிட்போர்டு உயிரோடு இருக்கும், கீழே அதன்படிதான் வேலை நடக்கும். சில வாரம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். திரையில் உள்ளதும் தரையில் நடப்பதும் ஒத்துப்போகத் தொடங்கியதும் போர்டை எடுத்துவிடுங்கள். இரண்டையும் நிரந்தரமாக வைத்திருந்தால் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது.

இந்த வாரமே தொடங்கலாம். தரையில் திறந்து கிடக்கும் எல்லா ஜாபையும் நடந்து போய் எழுதுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் டெலிவரி தேதி, இப்போது எங்கே நிற்கிறது, ஃபிட்டப்புக்கு என்ன குறைகிறது, மீதி ஃபிட்டப் மணி எவ்வளவு, மீதி வெல்டிங் மணி எவ்வளவு. ஃபிட்டப் மணிகளைக் கூட்டி, ஃபிட்டர்களின் எண்ணிக்கையாலும் நாளைக்கு ஆறரை மணியாலும் வகுத்துப் பாருங்கள். வரும் நாட்களின் எண்ணிக்கை நீங்கள் இப்போது கஸ்டமர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும் தேதிகளைத் தாண்டிப் போனால், சாஃப்ட்வேர் வரும்வரை காத்திருக்காமல் அந்தத் தேதிகளை முதலில் திருத்த வேண்டும். தாண்டவில்லை என்றால், கிட் குறையும் ஜாப்களையும் இரண்டு வாரத்துக்குப் பின்னால் ஃபிட்டப் உள்ள ஜாப்களையும் தரையிலிருந்து ஒதுக்கி, அவற்றின் கார்டுகளை ஆபீசுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மீதமிருக்கும் பட்டியல்தான் சாஃப்ட்வேரில் நீங்கள் முதலில் ஏற்ற வேண்டியது.